16 இரவு, 11 ஊர்: இந்த ரயில் திட்டம் தாங்குமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், வயது 61. மனைவிக்கு 57. அவருக்கு முழங்கால் வலி, படி ஏறுவதென்றால் தயங்குவார். ஒரே மகன் ஃபிராங்க்பர்ட்டில் வேலை பார்க்கிறார். இன்னும் ஐந்து மாதத்தில் இருவரும் முதல் முறையாக ஐரோப்பா போகிறார்கள். மகனும் விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வருவார். போட்டிருக்கும் திட்டம் இது: லண்டன் 2 இரவு, பாரிஸ் 2, ஆம்ஸ்டர்டாம் 1, வழியில் கொலோனில் சில மணி நேரம், ஃபிராங்க்பர்ட் 2, சூரிக் 1, மிலான் 1, வெனிஸ் 1, ரோம் 2, இரவு ரயிலில் வியன்னா, அங்கே 1, பிராக் 1, திரும்ப ஃபிராங்க்பர்ட் 1. ஆக 16 இரவு.

கேட்டிருப்பவை: பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே சீட்டான யூரெயில் பாஸ் எடுத்தால் எந்த ரயிலிலும் ஏறலாமா? மகன் பெயரில் மூவருக்கும் இன்டர்ரெயில் பாஸ் வாங்கலாமா? “பிரான்ஸ் விசா சீக்கிரம் கிடைக்கும், எல்லா டிக்கெட்டையும் முதலில் எடுத்துவிடுங்கள்” என்று முகவர் சொல்வது சரியா? ரயில் தாமதமானால் என்ன செய்வது? கடைசியாக, மகனுக்குப் பால்கோவாவும் நெய்யும் கொண்டுபோகலாமா?

அன்புள்ள ஐயா,

கேள்விகளுக்குப் போகும் முன் திட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் கவலைகளில் பாதி அதிலிருந்தே வருகிறது. ரயில் நேரங்களைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். சூரிக்கிலிருந்து மிலான் மூன்றரை மணி நேரத்துக்குள், மிலானிலிருந்து வெனிஸ் இரண்டரை மணி நேரம். ஆனால் ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, நிலையம் வந்து, பெட்டியை ரயிலில் ஏற்றி இறக்கி, புது ஊரில் விடுதியைத் தேடி, அறை கிடைக்கும் பிற்பகல் வரை காத்திருக்க வேண்டும். மூன்று மணி நேர ரயில், பகலில் பாதிக்கு மேல் தின்றுவிடும். சூரிக்கிலும் மிலானிலும் ஒவ்வொரு இரவு என்றால் அங்கே நீங்கள் பார்க்கப்போவது நிலையத்தையும் விடுதியையும்தான்.

இன்னொன்று, உங்கள் திட்டத்தில் ஒரே ஒரு ரயில் தவறினாலும் அடுத்த மூன்று ஊர் சரிந்துவிடும். ஐரோப்பாவில் ரயில் எல்லாம் நொடி பிசகாது என்ற நம்பிக்கை நம்மில் பலருக்கு இருக்கிறது. சுவிட்சர்லாந்துக்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஜெர்மனியில் 2024-ல் தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தை “நேரத்துக்கு வந்தது” என்று கணக்கில் சேர்த்துக்கொண்டு. இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. மூன்று ரயில் மாறும் நாளைத் திட்டத்தில் வைக்காதீர்கள் என்பதற்காகத்தான்.

ஊரைக் குறைத்து இரவைக் கூட்டுங்கள்

நான் போட்டிருந்தால் இப்படிப் போடுவேன். சென்னையிலிருந்து ஃபிராங்க்பர்ட், மகன் வீட்டில் 6 இரவு. விமானக் களைப்பு தீரட்டும், மகன் வாழும் ஊரையும் பாருங்கள். கொலோனை அங்கிருந்தே ஒரு நாளில் போய்வரலாம். பேராலயம் நிலைய வாசலிலேயே நிற்கிறது, அம்மா அதிகம் நடக்க வேண்டாம். இன்னொரு நாள் ரைன் ஆற்றோரம் ரூதெஸ்ஹைம் பக்கம் உள்ளூர் ரயிலில் போகலாம். அப்புறம் பாரிஸ் 3 இரவு, சுவிட்சர்லாந்தின் லூசர்ன் 2, வெனிஸ் 2, ரோம் 3. ரோமிலிருந்தே ஊர் திரும்புங்கள். போகும் ஊரும் திரும்பும் ஊரும் வேறாக விமான டிக்கெட் எடுத்தால் விலை பெரும்பாலும் அதிகம் மாறாது. கடைசி நாளில் ஃபிராங்க்பர்ட்டுக்கு ஓடி வரும் வேலையும் மிச்சம்.

சூரிக்கை விட்டு லூசர்னைச் சொல்வதற்குக் காரணம் அம்மாவின் முழங்கால். அங்கே நிலையத்துக்கு எதிரிலேயே ஏரிப் படகுத்துறை. படகில் விட்ஸ்னாவ் போனால் அங்கிருந்து ரிகி மலை உச்சிக்குப் பல்சக்கர ரயில். 1871-ல் ஓடத் தொடங்கியது, ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில் அதுதான். மலை ஏறும் வேலை முழுவதையும் ரயில் பார்த்துக்கொள்ளும். பனியைக் கையில் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ரிகிக்குப் பதில் எங்கல்பெர்க் வழியாக டிட்லிஸ் மலைக்குப் போங்கள். இரண்டையும் ஒரே நாளில் முயல வேண்டாம்.

வெனிஸுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. சாந்தா லூச்சியா நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கண்ணெதிரே கால்வாய், அதைக் கடக்கப் படிக்கட்டு வைத்த பாலம். ஊர் முழுக்க இப்படித்தான். விடுதி நிலையத்தின் அதே கரையில், பாலம் ஏறாமல் போகும் இடத்தில் இருக்கிறதா என்று முன்பதிவுக்கு முன் வரைபடத்தில் பாருங்கள். இல்லையென்றால் ஒரு நிறுத்தம் முன்னாலேயே, மெஸ்த்ரேயில் தங்கிக்கொண்டு பகலில் போய்வாருங்கள்.

வியன்னாவும் பிராக்கும்தான் மனதில் நிற்கின்றன என்றால் திசையையே மாற்றுங்கள்: ஃபிராங்க்பர்ட், பிராக், வியன்னா, சால்ஸ்பர்க், மியூனிக். பிராக்கிலிருந்து வியன்னா நான்கு மணி நேரம், வியன்னாவிலிருந்து சால்ஸ்பர்க் இரண்டரை. செலவும் குறையும். இந்த முறை இத்தாலியையும் பிரான்ஸையும் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். இரண்டில் எது என்பதை அம்மாவிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கடிதம் முழுக்க அவருடைய முழங்கால் வருகிறது, அவருடைய ஆசை ஓரிடத்திலும் வரவில்லை.

லண்டனை நீக்கியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் லண்டன் போக முடியாது. பிரிட்டனுக்குத் தனி விசா, தனிக் கட்டணம். இரண்டு விண்ணப்பத்துக்கும் பாஸ்போர்ட் மாறி மாறிப் போக வேண்டியிருக்கும். இரண்டு இரவுக்காக இந்த அலைச்சல் வேண்டாம் என்பது என் கருத்து.

பாஸ் வேண்டுமா?

யூரெயில் பாஸ் பற்றிப் பரவலாக இருக்கும் தவறான எண்ணம்தான் உங்கள் கடிதத்திலும் இருக்கிறது. பாஸ் என்பது பயண அனுமதி, இருக்கை அதில் சேராது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளுக்குள் ஓடும் பெரும்பாலான ரயில்களில் பாஸைக் காட்டி நேரே ஏறலாம். அங்கே அது உண்மையிலேயே சுதந்திரம் தரும். பிரான்ஸின் டிஜிவி, யூரோஸ்டார், இத்தாலியின் ஃபிரெச்சாரோசா போன்ற அதிவேக ரயில்களில் பாஸ் வைத்திருந்தாலும் தனியாகப் பணம் கட்டி இருக்கையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். டிஜிவியிலும் யூரோஸ்டாரிலும் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இருக்கைகள் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். இத்தாலியில் ஓடும் இத்தாலோ ரயில்களில் பாஸே செல்லாது.

இப்போது நான் சொன்ன வழியைப் பாருங்கள். ஃபிராங்க்பர்ட்–பாரிஸ், பாரிஸ்–பாசல் (சுவிஸ் எல்லை நகரம்), சுவிஸ்–மிலான், மிலான்–வெனிஸ், வெனிஸ்–ரோம். வேகமாகப் போக வேண்டும் என்றால் எல்லாமே இருக்கை பதிவு கட்டாயமான ரயில்கள். பாஸுக்கும் பணம், இருக்கைக்கும் பணம் என்று இரண்டு முறை கொடுத்துவிட்டு, நினைத்த ரயிலில் ஏறும் வசதி மட்டும் கிடைக்காது. ஆகவே இந்த வழிக்குத் தனித்தனி டிக்கெட்டே நல்லது. பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு முன்பே விற்பனை தொடங்கும். ரயில் நிறையும்போது விலை ஏறும், விமான டிக்கெட் போல. வியன்னா, பிராக் வழியைத் தேர்ந்தெடுத்தால் பாஸை மறுபடி கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 வயது தாண்டிய உங்களுக்கு 10 சதவீதத் தள்ளுபடி உண்டு, அம்மாவுக்குக் கிடையாது.

மகன் பெயரில் இன்டர்ரெயில் வாங்கும் யோசனையை விட்டுவிடுங்கள். ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில், வெளியிலிருந்து வருபவர்களுக்கு யூரெயில். மகன் இந்தியக் குடிமகனாக இருந்தாலும் ஜெர்மனியில் வசிப்பதால் அவருக்கு இன்டர்ரெயில்தான். அதிலும், வசிக்கும் நாட்டுக்குள் வெளியே போக ஒரு பயணம், திரும்பி வர ஒரு பயணம் என்றுதான் செல்லும். நீங்கள் இருவரும் அதில் போக முடியாது. பாஸில் வசிக்கும் நாடும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும், பரிசோதகர் ஒப்பிட்டுப் பார்ப்பார். பிடிபட்டால் டிக்கெட் இல்லாமல் வந்தவர் கணக்குதான்.

இரவு ரயிலில் விடுதிச் செலவு மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். ரோம்–வியன்னா இரவு ரயிலில் வெறும் இருக்கை, நாலு அல்லது ஆறு பேர் படுக்கும் பெட்டி, தனி அறை என்று வகைகள் உண்டு. தனி அறையின் விலை நல்ல விடுதி அறைக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆறு பேர் பெட்டியில் அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கை கிடைக்காவிட்டால் ஏணி ஏற வேண்டும். காலையில் இறங்கினால் விடுதியில் அறை கிடைக்கப் பிற்பகல் ஆகும். உங்களுக்கு இது வேண்டாம்.

விசா: முகவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்

எந்த நாட்டில் விண்ணப்பிப்பது என்பது நம் விருப்பம் இல்லை. பயணத்தின் முக்கிய இடம் எந்த நாடோ, அதாவது தங்கும் நாட்களாலும் நோக்கத்தாலும் முதன்மையானது எதுவோ, அந்த நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அப்படி ஒன்றைப் பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் முதலில் நுழையும் நாடு. உங்கள் பழைய திட்டத்தில் பிரான்ஸில் 2 இரவு, இத்தாலியில் 4. அதை வைத்துக்கொண்டு பிரான்ஸில் விண்ணப்பித்தால், “எங்களிடம் ஏன் வந்தீர்கள்” என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. வேறு நாட்டுத் திட்டத்தைக் காட்டி விசா வாங்கிவிட்டு வேறு மாதிரிப் பயணம் செய்வது இன்னும் ஆபத்து. புதிய திட்டத்தில் ஜெர்மனி 6 இரவு, இத்தாலி 5. மகனும் அங்கேதான் இருக்கிறார், முதலில் இறங்குவதும் அங்கேதான். ஆகவே ஜெர்மனி, சந்தேகமே வேண்டாம்.

டிக்கெட்டை முதலில் எடுக்கச் சொல்வதும் தவறு. பயணப் பதிவும் தங்குமிட விவரமும் கேட்பார்களே தவிர, திருப்பித் தராத டிக்கெட்டை வாங்கி வைக்கச் சொல்லும் விதி கிடையாது. விசா மறுக்கப்பட்டால் மலிவு டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் அத்தனையும் போய்விடும். ரத்து செய்யக்கூடிய விடுதிப் பதிவு, விமான முன்பதிவு, ஊர் வாரியாக நாள் போட்ட ஒரு தாள், மகனின் அழைப்புக் கடிதமும் அவருடைய குடியிருப்பு அனுமதி நகலும் போதும். உங்கள் ஓய்வூதியமும் சேமிப்பும் கணக்கில் தெளிவாகத் தெரிந்தால் மகன் செலவுப் பொறுப்பேற்றுத் தனி உறுதிமொழி தர வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், ஆகவே இப்போதே நேரம் பதிவு செய்யுங்கள். முடிவுக்குப் பொதுவாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை போகும். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, மறுத்தாலும் திரும்ப வராது. ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் மறுபரிசீலனை மனு முறையை நிறுத்திவிட்டது. மறுத்தால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையேல் நீதிமன்றம். அதனால் முதல் விண்ணப்பத்திலேயே தாள்கள் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்கட்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், தங்கும் எல்லா நாளுக்கும் வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அந்தக் காப்பீடு என்ன தரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முழங்காலும் அதில் வரும்.

ஷெங்கனுக்குள் எல்லைச் சோதனையே இருக்காது என்று நினைத்துப் பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடாதீர்கள். ரயிலிலேயே போலீஸ் ஏறிப் பார்ப்பது உண்டு. கைப்பையில் இருக்கட்டும்.

ரயில் தாமதமானால்

ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் பயணிகள் உரிமைச் சட்டம் 2023 ஜூன் முதல் புதிய வடிவில் நடப்பில் இருக்கிறது. சேருமிடத்துக்கு ஒரு மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதம் ஆகும் என்று தெரிந்தால், பயணத்தை விட்டுவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது அடுத்த ரயிலிலோ மாற்று வழியிலோ போகலாம். எது வேண்டும் என்பது உங்கள் தேர்வு. புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து 100 நிமிடத்துக்குள் நிறுவனம் மாற்று வழியைச் சொல்லாவிட்டால், நீங்களே வேறு ரயிலிலோ பேருந்திலோ டிக்கெட் எடுத்துப் போய், நியாயமான அந்தச் செலவைக் கேட்கலாம். பணத்தைத் திரும்பப் பெறாமல் பயணத்தைத் தொடர்ந்து தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் ஈட்டுத்தொகை உண்டு: 60 முதல் 119 நிமிடம் வரை கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடம் முதல் 50 சதவீதம். கடும் இயற்கைச் சீற்றம் போன்ற காரணங்களுக்கு ஈட்டுத்தொகை கிடையாது. ரயில்வே ஊழியர் வேலைநிறுத்தம் அந்த விலக்கில் வராது, அதற்குக் கேட்கலாம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இணைப்பு ரயில் தவறினால் கிடைக்கும் பாதுகாப்பு, முழு வழியையும் ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால்தான் உறுதி. லூசர்ன்–மிலான் ஒரு நிறுவனத்திடம், மிலான்–வெனிஸ் இன்னொன்றிடம் என்று தனித்தனியாக எடுத்தால் சட்டப்படி அவை இரண்டு ஒப்பந்தம். முதல் ரயில் தாமதித்து இரண்டாவது போய்விட்டால் இரண்டாமவர் கை விரிக்கலாம். சில ரயில் நிறுவனங்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. தாமதத்தை ஊழியரிடம் உறுதி செய்து வாங்கிக்கொண்டு போனால் அடுத்த ரயிலில் ஏற்றிவிடுவார்கள். அது சலுகை, அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. முடிந்தவரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். முடியாத இடத்தில், குறிப்பாக மிலானில், குறைந்தது ஒன்றரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். உட்கார்ந்து ஒரு காபி குடியுங்கள், குறைந்து போக மாட்டோம். மிலான்–வெனிஸ் டிக்கெட்டை மட்டும் ரயில் மாற்ற இடம் தரும் வகையில், கொஞ்சம் கூடுதல் விலைக்கு எடுப்பதும் நல்ல காப்பு.

அம்மாவுக்காக ஒரு விஷயம். நடமாட்டச் சிரமம் உள்ளவர்களுக்கு ஏற, இறங்க, ரயில் மாற உதவி கேட்கும் உரிமை அதே சட்டத்தில் இருக்கிறது, கட்டணம் இல்லை. 24 மணி நேரம் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். டிக்கெட் எடுத்த கையோடு மகனை விட்டு அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். வயதானவர்கள் கேட்கக் கூச்சப்பட்டே சிரமப்படுகிறார்கள். கூச்சமே வேண்டாம்.

பாரிஸில் நீங்கள் ஃபிராங்க்பர்ட்டிலிருந்து வந்து இறங்குவது கார் து லெஸ்த் நிலையம், சுவிஸ் போகப் புறப்படுவது கார் து லியோன். எழும்பூரும் சென்ட்ரலும் போல வேறு வேறு. அன்று டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள், மெட்ரோவில் படிகள் அதிகம். கார் து லியோனில் ஒரு கூடத்தில் நடைமேடைகளுக்கு எழுத்து, இன்னொன்றில் எண். எந்த நடைமேடை என்பது பலகையில் வருவதே புறப்பட இருபது நிமிடம் இருக்கும்போதுதான். வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் நகர்வார்கள். புறப்பட இரண்டு நிமிடம் முன்பே கதவு மூடிவிடும், அதனால் பலகைக்கு அருகிலேயே இடம் பிடித்து உட்காருங்கள். சுமை தூக்க ஆள் கிடைக்காது. ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டி, அதற்கு மேல் வேண்டாம். டிஜிவியில் பெட்டியின் மேல் பெயர்ச் சீட்டு கட்டாயம்.

கடைசிக் கேள்வி. பால்கோவாவும் நெய்யும் முடியாது. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை இருக்கிறது, சுங்கத்தில் பார்த்தால் எடுத்துப் போட்டுவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். பருப்புப் பொடி, சாம்பார் பொடி, எண்ணெயில் செய்த முறுக்கு என்று நல்லபடியாகப் பொட்டலம் கட்டி, மேலே என்ன என்று எழுதி எடுத்துப் போங்கள். நெய் ஃபிராங்க்பர்ட் இந்தியக் கடைகளிலேயே கிடைக்கும், மகனுக்குக் கடை தெரிந்திருக்கும்.